உன் அப்பா கிள்ளிய மூன்று பூக்கள்

ஃபோர்ஹவுட்,
ஏப்ரல் மாதம், ஞாயிறு மதியம்.

அன்பு மகள் மார்லூஸுக்கு உன் அம்மா எழுதுவது. ஆண்டவர் கருணையால் இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அவருடைய வலது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் இப்போது இலை உதிரும் காலம், குளிர் ஏறத் தொடங்கியிருக்கும், விடியற்காலையில் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கப் போகும்போது நான் பின்னிக்கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போ, அதை அலமாரியில் மடித்து வைத்து அழகு பார்க்கவா பின்னினேன். வெள்ளிக்கிழமை நான் போன் செய்தபோது உனக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது என்று தெரியும். ஒரு பக்கம் உன் அப்பா குறுக்கே பேசினார், மறுபக்கம் நம் பக்கத்து நிலத்துச் சீம் மாமா கத்தினான், நடுவில் நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. கடைசியில் நீ கேட்டது, ஜெயிச்சாச்சா இல்லையா அதை மட்டும் சொல்லும்மா என்றுதான், அதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தேன், இது போனில் கேட்டுவிட்டு மறந்துபோகிற விஷயம் இல்லை, மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்கிற விஷயம். அதனால் உன் அப்பாவிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். நான் இத்தனை வருடம் காத்திருந்தேன், தபால் வந்து சேரும்வரை நீ காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிட மாட்டாய். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் என் வாயால் இன்னொரு முறை சொன்னால்தான் எனக்குத் திருப்தி. நம் வீட்டில் பூவுக்கு என்ன மரியாதை என்று நீ பார்த்து வளர்ந்தவள். உலகமெல்லாம் துலிப் பூவைப் பார்க்க நம் ஊருக்கு வருகிறது, நாமோ பூ திறந்ததும் நிறம் சரியா, இலையில் நோய்க் கீற்று ஏதும் ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையைக் கிள்ளி எறிந்துவிடுகிறோம். பூவில் நிற்கும் பலம் கிழங்குக்கு இறங்க வேண்டும், நாம் விற்பது கிழங்கை. இப்போது அந்த வேலைக்கு இயந்திரம் வந்துவிட்டாலும் வரப்போரத்திலும் மூலைகளிலும் இன்னும் கைதான், அந்தக் கையில் உன் அப்பா ராஜா, நடந்துகொண்டே ஊர்க் கதை பேசிக்கொண்டே கட்டைவிரலால் டக் டக்கென்று கிள்ளிப் போட்டுக்கொண்டு போவார். அப்படிப்பட்ட வீட்டில் சமையலறைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில், நீ பள்ளிக்கூடத்தில் படம் வரைகிற தூரிகையை எடுத்து, ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் சூலில் தடவி, காய் பிடிக்கவிட்டு, விதை எடுத்து நான் விதைத்தேன். விதையிலிருந்து முளைத்த முதல் வருடம் அது புல் மாதிரி இருந்தது, அடுத்த வருடம் கொஞ்சம் தடித்த புல் மாதிரி இருந்தது. முதல் பூ பார்ப்பதற்குள் நீ ஆரம்பப் பள்ளியைத் தாண்டிவிட்டாய். நூற்றுக்கணக்கான நாற்றில் ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடித்தது, வெண்ணெய் நிறம், விளிம்பில் மட்டும் நம் கூரை ஓட்டின் செம்மை. அந்த ஒன்றிலிருந்து பக்கக் கிழங்கு பிரித்து இரண்டாக்கி, நாலாக்கி, வருடக்கணக்கில் பெருக்கினேன். உன் அப்பா கை தவறிக்கூடக் கிள்ளிவிடக் கூடாது என்று ஒவ்வொரு தண்டிலும் சிவப்புக் கம்பளி நூல் கட்டி வைத்தேன். இதுக்குப் பதிலா பார்ஸ்லிக் கீரை போட்டிருந்தா சூப்புக்காவது ஆகியிருக்கும் என்று அவர் சொல்வார். சீம் வேலிக்கு மேலே தலையை நீட்டி, என்ன ப்ளோனி, உன் பால்வாடிப் பிள்ளைங்க இன்னும் நடக்க ஆரம்பிக்கலையா என்று கேட்பான். உன் வெங்காயத்தைப் பார்த்துக்கிட்டுப் போடா என்று நானும் சொல்வேன், அவனுடைய ஹயசிந்த் பூக்கிழங்கை வெங்காயம் என்று சொன்னால் அவனுக்கு ஆகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரும் இலையுதிர் காலத்தில் நிலத்தை ஹில்லெகோம் பக்கத்துக் குத்தகைக்காரரிடம் விடுகிறோம் என்பது உனக்குத் தெரியும். உன் அப்பாவின் முழங்கால் அதற்கு முன்பே ராஜினாமா கொடுத்துவிட்டது. அவர்கள் சமையலறைக்குப் பின்பக்கத் துண்டையும் சேர்த்துத்தான் உழப்போகிறார்கள், குற்றம் சொல்ல முடியாது, எல்லாம் பேசி முடித்ததுதான். அப்படியென்றால் என் துலிப்புக்கு இந்த வருடம்தான் கடைசி. யாராவது ஒரு விவசாயி தன் நிலத்தில் வைத்துப் பெருக்க எடுத்துக்கொண்டால் அது பிழைக்கும், இல்லாவிட்டால் உரக்குழிதான். இதை நான் உன்னிடம் போனில் சொன்னதில்லை, சொன்னால் உன் குரல் மாறும், அதைக் கேட்டால் என் குரல் மாறும், எதற்கு. போன வருடம் குளிர் தொடங்கும் முன், ஒருவரிடமும் சொல்லாமல் சைக்கிளில் பாதிக் கிழங்குகளை ஏற்றிக்கொண்டு போய், வெளிநாட்டார் பார்க்க வருகிற நம் பக்கத்துப் பெரிய பூந்தோட்டத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். புது நாற்றுகளுக்கென்று அங்கே ஒரு வரிசை ஒதுக்குகிறார்கள், பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எண் போட்டு நடுகிறார்கள். ஏப்ரலில் ஒரு நாள் காலை, வாசல் திறப்பதற்கு முன், கிழங்கு விவசாயிகளிலேயே மூத்தவர்கள் ஒரு குழுவாக வந்து பார்த்து ஒரே ஒரு பூவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பூவை அடுத்த வருடம் தோட்டத்தின் நடுப்பாதையில் வைப்பார்கள், விவசாயிகள் தானாகத் தேடி வருவார்கள். குழுவுக்குத் தலைவர் எவர்ட், உனக்கு நினைவிருக்கும், கோயில் திருப்பலியில் முன்வரிசையில் குச்சி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாரே, சிரித்து யாரும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் உன் அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தார். நான் வரச் சொல்லவில்லை. எனக்கு வேற வேலை இல்லை என்றார், அவ்வளவுதான். நான் ஃபிளாஸ்க்கில் சுடச்சுடக் காபியும் நான்கு திராட்சை ரொட்டியும் எடுத்துக்கொண்டேன், அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன், தோட்டத்துக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை இரண்டு கையும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். நீ முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கிய அன்று கோயிலில் பாதிரியாரோடு பேசிக்கொண்டே பீடத்துத் துலிப் தலைகளை அவர் வரிசையாகக் கிள்ளிவிட்டதை நான் இன்னும் மறக்கவில்லை, உன் புகைப்படத்துக்குப் பின்னால் வெறும் தண்டுகள் நிற்கின்றன. நான் என்ன சின்னப் பிள்ளையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சீமும் வந்திருந்தான், அவனுடைய புது நீல ஹயசிந்த்தும் போட்டியில் இருந்தது. மார்லூஸ், உன்னிடம் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. சைக்கிள் தூரத்தில் இருக்கும் அந்தத் தோட்டத்தைப் பூத்திருக்கும் நேரத்தில் முழுக்க நடந்து பார்த்தது எனக்கு இதுதான் முதல் தடவை. உன் பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாக வந்தபோது உன் வகுப்புப் பிள்ளைகளைக் குளத்தில் விழாமல் பிடிப்பதிலேயே நாள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஒருவரும் இல்லை, பீச் மரங்களுக்குக் கீழே டாஃபடில் பூ மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது, அதற்கு நடுவில் நீலக் குறும்பூக்கள் ஓடை மாதிரி வளைந்து வளைந்து போயின, வளைவு திரும்பினால் சிவப்பு, அடுத்த வளைவில் ஊதா, அதற்குப் பின்னால் குளத்தில் எல்லாம் தலைகீழாக இன்னொரு முறை. ஹயசிந்த் வாசனை முகத்தில் அறைந்தது. ஒருவரும் கிள்ளாமல், ஒருவரும் அவசரப்படாமல், பூவைப் பூவாகவே இருக்கவிட்ட இடம். நான் நின்றுவிட்டேன். உன் அப்பா என்னைப் பார்த்து, அழுவியா என்ன என்றார். அழவில்லை, இத்தனை காலம் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வராமல் இருந்தேனே என்று ஆத்திரம்தான் வந்தது. அவர் ஒவ்வொரு பாத்தியிலும் நின்று, இதன் கிழங்கு நன்றாகப் பெருக்காது, இது ஈரத்தில் அழுகும் என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார், கை மட்டும் சட்டைப்பையில்.

என் பாத்திக்கு வந்து குனிந்து பார்த்தேன். முந்தின நாள் ஆலங்கட்டி மழை, அன்று காலை வடக்கிலிருந்து கடற்காற்று, என் பாத்தியோ வேலிச்செடி நிழலில், ஒரு பூகூடத் திறக்கவில்லை. துலிப் குளிருக்கு மூடிக்கொள்ளும், சூடு பட்டால்தான் திறக்கும், உனக்குத் தெரியும். வெளிப்புறம் வெறும் வெளிர்மஞ்சள், கூரை ஓட்டுச் செம்மை எல்லாம் உள்பக்கத்து விளிம்பில் இருக்கிறது, மூடியிருந்தால் அது இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. கண்ணாடிக் கொட்டகைப் பக்கம் வெயிலில் இருந்த மற்ற நாற்றுகள் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்துகொண்டிருந்தன, என் பிள்ளைகள் மட்டும் கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றன. குழுவின் பேச்சுக் குரல் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்க ஆரம்பித்துவிட்டது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மேகம் நகர்வதாக இல்லை. எனக்குப் பின்னால் உன் அப்பாவும் சீமும் இந்த வருடம் ஹயசிந்த்துக்குச் சந்தை எப்படி இருக்கும் என்று வழக்கமான சண்டையைத் தொடங்கிவிட்டார்கள், குரல் ஏறிக்கொண்டே போனது. அப்போது எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டக். நான் திரும்புவதற்குள் இன்னொரு டக். மூன்றாவதும் ஆயிற்று. உன் அப்பா சீமோடு பேசிக்கொண்டேதான் இருக்கிறார், கை எப்போதோ வெளியே வந்துவிட்டது, கட்டைவிரல் அதுபாட்டுக்கு வரப்போர வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, என் பாத்தியின் முன்வரிசையில் மூன்று மொட்டைத் தண்டுகள்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவர் அப்புறம் சொன்னார். "ஹூப், கையில என்ன வெச்சிருக்க?" என்று மட்டும்தான் கேட்டேன். அவர் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், வேறு யாருடைய கையையோ தன் சட்டைக்குள் கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தது. காது வரை சிவந்துவிட்டார். சீம் முதலில் சிரித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பச்சைக் கோட்டுப் போட்ட தோட்டக்காரப் பெண் ஒருத்தி தூரத்திலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள், அவளுக்குப் பின்னால் வேலியைச் சுற்றிக்கொண்டு எவர்ட்டும் குழுவும் வந்துவிட்டார்கள். எவர்ட் என் பாத்தியைப் பார்த்தார், மொட்டைத் தண்டுகளைப் பார்த்தார், உன் அப்பாவின் கையைப் பார்த்தார். மூடியிருக்கு, மூடியிருக்குற பூவைப் பத்தி நான் என்ன சொல்றது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குக் காலை எடுத்து வைத்தார். அவ்வளவுதான், இத்தனை வருடத்துக்கு அவ்வளவுதான். அந்த நிமிடம் எனக்கு ஏதோ பொறி தட்டியது. வேரோடு நிற்கிற பூவை என்னால் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் கிள்ளிய பூ என் கைக்குள் வருமே. உன் அப்பாவின் கையிலிருந்து மூன்றையும் பிடுங்கினேன், ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபியை ஊற்றினேன், சூடான மூடியைச் சுற்றிப் பூக்களை அணைத்துப் பிடித்து மேலே இன்னொரு கையால் பொத்திக்கொண்டேன். "கொஞ்சம் நில்லுங்க எவர்ட்," என்றேன், "காபி ஆறதுக்குள்ள பாத்துட்டுப் போலாம்."

ஒருவரும் நகரவில்லை. காபி ஆவி என் மூக்கில் ஏறுகிறது, கை சுடுகிறது, நான் எடுக்கவில்லை. உள்ளங்கையில் முதலில் ஒரு கூச்சம் மாதிரி தெரிந்தது, இதழ் அசைகிறது. கையை விலக்கினேன். மூன்றில் ஒன்று முழுக்கத் திறந்திருந்தது, வெண்ணெய் நிறத்துக்குள் விளிம்பு முழுக்க நம் கூரை ஓடு, மற்ற இரண்டும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன. எவர்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை வாங்கி, உள்ளே முகத்தை விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா, பூவைத் திருப்பி, உன் அப்பா கிள்ளிய கழுத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து மொட்டைத் தண்டைப் பார்த்தார். பிறகு எழுந்து, தோட்டக்காரப் பெண் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே, தானும் ஒரு பூவை டக்கென்று கிள்ளினார். "சுத்தமா ஒடியுது, இலையைக்கூட இழுக்கல," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். விவசாயிக்கு அதைவிட என்ன வேண்டும், கழுத்து பிய்ந்து இலை கிழிகிற ரகம் என்றால் காயத்தில் நோய் ஏறிக் கிழங்கே போய்விடும். பக்கத்தில் நின்றவரும் ஒன்று கிள்ளினார், அவருக்கு அடுத்தவரும். கடைசியில் குழு மொத்தமும் என் பாத்தியைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிட்டாய்க் கடைக்குள் விட்ட பிள்ளைகள் மாதிரி டக் டக்கென்று கிள்ளிக்கொண்டிருந்தார்கள், உன் அப்பாவின் முகத்துச் சிவப்பு மெல்ல மெல்ல இறங்கியது. என் பாத்தி பாதி காலி. வேறு யார் செய்திருந்தாலும் கையை ஒடித்திருப்பேன், அன்று நான் ஒவ்வொரு டக்குக்கும் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன்.

குழு வேலிக்குப் பின்னால் போய்ப் பேசியது. நாங்கள் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து திராட்சை ரொட்டியைப் பிரித்தோம், சீம் என்னுடையதையும் சேர்த்துத் தின்றான். எவர்ட் தனியாகத் திரும்பி வந்தார், கையில் பென்சில். இந்த வருஷம் உங்க பூதான் என்று சாதாரணமாக, கடையில் ரொட்டி கேட்கிற குரலில் சொன்னார். ஆமாம் மார்லூஸ், ஜெயித்துவிட்டேன், உன் அம்மா ஜெயித்துவிட்டாள், இப்போது சந்தோஷம்தானே. ஆனால் கடிதம் இன்னும் முடியவில்லை, உட்கார். நம்பரை வெச்சு மேடையில கூப்பிட முடியாது, பேர் வேணும், என்ன பேர் என்று எவர்ட் கேட்டார். உனக்கு ஓர் உண்மை தெரியாது. முதல் பூ பூத்த வருடத்திலிருந்து அந்தப் பூவுக்கு என் மனதில் உன் பெயர்தான். தண்ணீர் ஊற்றும்போது மார்லூஸ் என்றுதான் கூப்பிடுவேன், நீ விமானம் ஏறிய பிறகு இன்னும் அதிகமாகவே கூப்பிட்டேன். உன் அப்பாவுக்கும் அது தெரியும், அவர் அந்தப் பெயரைச் சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டார். எவர்ட் பென்சிலைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, என் வாய் தானாகச் சொல்லிற்று, "அப்பொலோனியா."

உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "அது யாரு?" என்றார். சத்தியமாகக் கேட்டார், விளையாட்டுக்கு இல்லை. "உன் வீட்ல சூப் வெக்கிறவ," என்றேன். எவர்ட் சிரித்தார் மார்லூஸ், பல் தெரியச் சிரித்தார், சீம் சாட்சி. அந்தப் பெயர் ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்தது, பிறகு கல்யாணத்தன்று பாதிரியார் ஒரு தடவை சொன்னார், அதோடு சரி, அன்றிலிருந்து ஊருக்கு ப்ளோனி, உனக்கு அம்மா, கிழங்கு வாங்க வருகிறவர்களுக்கு ஹூப்போட மனைவி. எவர்ட் எழுத்துக் கூட்டிக் கேட்டார், நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன், இரண்டு எல் போடுங்க என்றேன். சற்று நேரத்தில் பேண்டு வாத்தியத்தோடு மேடையில் வைத்து ஒயின் ஊற்றிப் பூவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பூவை உன் அப்பா பிடித்துக்கொண்டிருந்தார், அவர் கையில் துலிப்பைக் கொடுக்கலாமா என்று சீம் சத்தமாகக் கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். அதற்குப் பிறகு வாசல் திறந்து கூட்டம் வந்தது, வெயிலும் வந்தது, என் பாத்தியில் மிச்சம் இருந்தவை எல்லாம் திறந்துகொண்டன. நான் எதிர் பெஞ்சில் மாலை வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிரேசிலோ போர்ச்சுகலோ, எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பம் புது அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தது, அப்பொ-லோனியா என்று ஒரு சின்னப் பெண் சொல்லிப் பார்த்தாள். எனக்கு ஓடிப் போய், நான்தான், நான்தான் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. பெஞ்சிலேயே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சாயங்காலம் சீம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். அவனுடைய நீல ஹயசிந்த்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, அதைப் பற்றி அவன் பேசவுமில்லை. ப்ளோனி, உன் பால்வாடிப் பிள்ளைங்களுக்கு என் நிலத்துல இடம் இருக்கு, மேட்டுப் பக்கம், தண்ணி நிக்காத மண்ணு, நானே பெருக்கித் தரேன் என்றான். நான் அவனை விடவில்லை. எந்தப் பிள்ளைங்களுக்கு, பேரைச் சொல்லிக் கேளு என்றேன். அவன் அப்பொலோனியா என்று சொன்னான், நான் சரிவரக் காதில் விழவில்லை என்றேன், மறுபடியும் சொன்னான். மூன்றாவது தடவை சொல்லவைத்துவிட்டுத்தான் சரி என்று தலையாட்டினேன். குத்தகைக்காரர் இனி எந்த மூலையை வேண்டுமானாலும் உழட்டும், ஜூலையில் கிழங்கைத் தோண்டி எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிடுவேன், அது பிழைத்துவிட்டது. திரும்பி வரும்போது காரை உன் அப்பாதான் ஓட்டினார். நம் தெரு முனையில் திரும்பும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பேரு எனக்குத் தெரியும். கூப்பிடத்தான் விட்டுப்போச்சு," என்றார். மன்னிப்புக் கேட்கிற குடும்பத்தில் பிறந்தவர் இல்லை அவர், அதனால் அதுவே பெரிது. நேற்றுக் காலையிலிருந்து காபி வேண்டுமென்றால் அப்பொலோனியா என்று கூடத்திலிருந்து கூப்பிடுகிறார், எனக்குச் சிரிப்பு வருகிறது, எழுந்து போகிறேன், ஆனால் மெதுவாகத்தான் போகிறேன், இரண்டு தடவை கூப்பிடட்டும் என்று.

உன் பெயரை வைக்காததில் உனக்கு வருத்தம் இருக்கும், இருக்காது என்று நான் நடிக்க மாட்டேன். எனக்கும் இரண்டு நாளாக உள்ளே ஒரு முள். ஆனால் மகளே, நீ உன் பெயரைக் கொண்டுபோய் உலகத்தின் அடுத்த முனையில் உன் கையாலேயே ஊன்றி வைத்துவிட்டாய், மாடு கன்று போட முடியாமல் தவித்தால் ராத்திரி பகல் பார்க்காமல் மார்லூஸைக் கூப்பிடு என்று அங்கே சொல்கிறார்களாம், மாப்பிள்ளை சொன்னார். உன் பெயருக்கு என் பூ தேவையில்லை. என்னுடையதை ஊன்ற எனக்கு இந்த ஒரு பாத்திதான் இருந்தது. கோபம் இருந்தால் நேரில் வந்து கோபித்துக்கொள். உறையில் ஓர் இதழ் வைக்கலாம் என்று காயவைத்தேன், உன் நாட்டுச் சுங்கத்தில் பிரித்துப் பார்த்து எரித்துவிடுவார்கள் என்று உன் அப்பா சொன்னதால் எடுத்துவிட்டேன், பூவைப் பார்க்க வேண்டுமானால் நீதான் வர வேண்டும். அடுத்த ஏப்ரலுக்கு இப்போதே லீவு எழுதிக் கொடு, தள்ளிப்போடாதே. புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆள் சொல்லிவிட்டாயா, குளிர் வந்த பிறகு ஓடாதே. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், கை நிறைய வேலையும் வயிறு நிறையச் சோறும் மனம் நிறையச் சிரிப்புமாக இருக்க ஆண்டவர் துணையிருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். உன் அப்பா முத்தம் சொல்லச் சொன்னார், இரண்டு கையும் சட்டைப்பையில்தான் இருக்கிறதாம், அதையும் எழுதச் சொன்னார். உனக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் இத்தனை வருடமாக அம்மா என்று மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இந்தத் தடவை முழுதாகப் போடுகிறேன், அடுத்த வருடம் நடுப்பாதையில் அட்டையைப் பார்க்கும்போது உனக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அப்பொலோனியா